தட்டுதலில் அவசரம் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈ.எஃப்.டி. (இமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்ஸ்), டேப்பிங், தட்டுதல் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் எல்லாம் ஒன்றுதான். மனசு லேசாக உடம்பைத் தட்டிக்கொள்ளும் இந்தப் பயிற்சியைச் செய்யத் தொடங்கியவர்கள் கேட்பதையெல்லாம் கொட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே கேள்விதான் வேறு வேறு உருவத்தில் இருக்கும்: "எப்போ சரியாகும்?" எங்கே தட்டுவது என்று காட்ட வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எங்கே நிறுத்துவது என்று சொல்பவர்கள் குறைவு. அதனால் இங்கே வேகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

தட்டுதல் என்றால் என்ன? ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்லுங்கள்.

மனசை வருத்தும் ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டே உடம்பில் சில இடங்களை விரல்நுனியால் மெதுவாகத் தட்டுவது, அவ்வளவுதான். முதலில் அந்த விஷயம் இந்த நிமிடம் எவ்வளவு வருத்துகிறது என்று 0 முதல் 10 வரை ஒரு எண் போடுவீர்கள். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள கைவிளிம்பைத் தட்டியபடி, "எனக்கு இப்படி இருக்கிறது, இருந்தாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தை மூன்று முறை சொல்வீர்கள். அப்புறம் புருவத்தின் உள்முனை, கண்ணின் வெளி ஓரம், கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பு, மூக்குக்குக் கீழ், கீழுதட்டுக்கும் தாடைக்கும் நடுவே இருக்கும் பள்ளம், காறை எலும்புக்குச் சற்றுக் கீழ், அக்குளிலிருந்து நான்கு விரல் கீழே, கடைசியில் உச்சந்தலை. ஒவ்வோர் இடத்திலும் ஏழெட்டுத் தட்டு, கூடவே விஷயத்தை நினைவூட்டும் ஓரிரு சொல். ஒரு சுற்று ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் மூச்சை நன்றாக விட்டு, மறுபடி எண் போட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ராஜர் கலஹன் 1980 வாக்கில் தொடங்கிய முறையிலிருந்து வந்தது இது. ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு தட்டும் வரிசை என்று அவர் வைத்திருந்ததை, ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்த கேரி கிரெய்க் 1990களின் நடுவில் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை என்று சுருக்கி, ஈ.எஃப்.டி. என்று பெயர் வைத்தார்.

"ஐந்தே நிமிடத்தில் பயம் போச்சு" என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் வாரக்கணக்கில் இழுக்கிறது?

அந்த ஐந்து நிமிடக் கதைக்கு மூலம் கலஹனிடமே இருக்கிறது. தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் ஒரு பெண் அவரிடம் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள், பயம் வயிற்றில் தெரிகிறது என்று அந்தப் பெண் சொல்ல, கலஹன் கண்ணுக்குக் கீழே தட்டச் சொன்னாராம். சீன மருத்துவத்தில் வயிற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம் அது. சில நிமிடங்களில் பயம் போய், அந்தப் பெண் நீச்சல் குளத்தை நோக்கி நடந்தார் என்பது கலஹன் சொன்ன கதை. அது அவர் சொன்னதுதான், பக்கத்தில் நின்று சரிபார்த்தவர் யாரும் இல்லை. அதைக்கூட விடுங்கள். அந்தப் பெண்ணுக்கு அதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேல் அவரே வழக்கமான சிகிச்சை கொடுத்துவந்தார் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. கதையைத் திருப்பிச் சொல்கிறவர்கள் அந்த ஒரு வருடத்தை லேசாக விழுங்கிவிட்டு, கடைசி சில நிமிடங்களை மட்டும் தலைப்பில் போட்டுவிடுகிறார்கள்.

நிஜமாகவே சீக்கிரம் அடங்குகிற விஷயங்கள் உண்டு. நாளைய இண்டர்வியூ படபடப்பு, இன்று காலை மேனேஜரிடம் வாங்கிய திட்டு, இதெல்லாம் இரண்டு மூன்று சுற்றில் நன்றாக இறங்கலாம். பத்து வருடமாக "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று கேட்டு வளர்ந்த மனசுக்கு அதே கணக்கைப் போட்டால், ஆறாதது மட்டுமில்லாமல், "தட்டக்கூட எனக்கு வரவில்லை" என்று இன்னொரு தோல்வியும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது. நேர்மையாகச் சொன்னால் இப்படி: ஆறுதல் கிடைக்கிறது என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. போர்முனையிலிருந்து திரும்பிய 59 அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆறு அமர்வுகளில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. ஆனால் இந்த மாதிரி ஆய்வுகளில் பல சிறியவை, சிகிச்சை எதுவும் பெறாமல் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு மட்டும் ஒப்பிட்டவை, இந்த முறையைக் கற்பிப்பவர்களே நடத்தியவை என்ற விமர்சனமும் நியாயமானதுதான். மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை, மேலும் ஆராய வேண்டியது என்ற இடத்தில் வைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2003-ல் கனடாவில் வெய்ட், ஹோல்டர் என்ற இருவர் 119 மாணவர்களிடம் நடத்தியது. ஒரு குழு சரியான புள்ளிகளில் தட்டியது, ஒரு குழு கையில் சம்பந்தமே இல்லாத இடங்களில் தட்டியது, ஒரு குழு ஒரு பொம்மையைத் தட்டியது, இன்னொரு குழு தட்டவே இல்லாமல் காகிதத்தில் விளையாட்டுப் பொருள் செய்துகொண்டிருந்தது. தட்டிய மூன்று குழுவுக்கும் பயம் குறைந்தது, பொம்மையைத் தட்டியவர்கள் உட்பட. நான்காவது குழுவுக்குக் குறையவில்லை. அப்படியானால் புள்ளியில் பெரிய ரகசியம் இல்லை. பயப்படும் விஷயத்தைத் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் நினைப்பது, அந்த நேரத்தில் உடம்பைப் பதறாமல் வைத்திருப்பது, இதைத் திரும்பத் திரும்பச் செய்வது, வேலை செய்வது பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து. நடத்தைச் சிகிச்சையில் ஜோசஃப் வோல்பி 1950களிலேயே செய்ததும் ஏறக்குறைய இதையே: சின்னப் பயத்தில் தொடங்கி, உடம்பு தளர்ந்த பிறகுதான் அடுத்த படி.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இது சரியாக இருக்கும் பட்சத்தில் புருவத்தில் அரை அங்குலம் தள்ளித் தட்டிவிட்டோமோ என்று கவலைப்படத் தேவையில்லை. அளவு மீறி நினைத்துவிட்டோமா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நிதானத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் தட்டல்.

எண் போடுவது எனக்குச் சரியாக வரவில்லை. 6-ஆ 7-ஆ என்றே தெரியவில்லை.

தெரியாவிட்டால் பரவாயில்லை, குத்துமதிப்பாகப் போடுங்கள். இந்த அளவுகோலும் வோல்பி கொடுத்ததுதான், அவர் 0 முதல் 100 வரை வைத்திருந்தார். எண்ணைவிட உடம்பில் எங்கே தெரிகிறது என்று எழுதிவைப்பது எனக்கு அதிகம் உதவுகிறது: தொண்டையில் அடைப்பு, அடிவயிற்றில் பிசைவு, தோள் கல்லாக இருக்கிறது, இப்படி. ஒன்று மட்டும் வேண்டாம், எண்ணை 0-க்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று ஒரே உட்காரலில் பதினைந்து சுற்று போவது. 8-லிருந்து 5-க்கு வந்தால் அன்றைக்கு அது நல்ல வேலை. மூடிவைத்துவிட்டு டீ போடப் போங்கள்.

நேற்று 2-க்கு வந்தது, இன்று காலை மறுபடி 7. வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

பெரும்பாலும் இல்லை. நேற்றுத் தட்டியது ஒன்று, இன்று எழுந்து நிற்பது இன்னொன்று. ஒரு உதாரணத்தை ஆற அமரப் பார்ப்போம்.

ஸ்கூட்டியில் போய் விழுந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காயம் ஆறி மாதங்கள் ஆகிவிட்டன, வண்டியைத் தொட முடியவில்லை. "விபத்து" என்று மொத்தமாக வைத்துத் தட்டுகிறார், எண் 8-லேயே நிற்கிறது. சரி, அந்தக் காட்சியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது? முதலில் பின்னால் வந்த லாரியின் ஹாரன். அதை மட்டும் எடுத்து, "அந்த ஹாரன் சத்தம்" என்று தட்டினால் 8, 6, 3 என்று இறங்குகிறது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்குகிறார். மறுநாள் காலை மறுபடி 7. கேட்டுப் பார்த்தால் இப்போது மனசில் நிற்பது ஹாரன் இல்லை, ரோட்டில் கவிழ்ந்து ஓடிய பால் பாக்கெட். அதைத் தட்டினால் சுற்றி நின்று பார்த்த கூட்டம், விலகியிருந்த சேலையை யாரும் இழுத்துவிடவில்லையே என்ற கூச்சம். அதற்குப் பின்னால், மருத்துவமனைக்கு வந்த கணவர் முதல் வார்த்தையாக "பார்த்து ஓட்டக் கூடாதா?" என்றது. இதில்தான் எண் 9-க்கு எகிறுகிறது, அது பயமே இல்லை, கோபம். வண்டியை எடுக்க விடாமல் தடுத்தது லாரியைவிட அந்த ஒரு வாக்கியம் என்பது அவருக்கே அப்போதுதான் புரிகிறது.

தட்டுதல் பயிற்சியில் இந்தத் துண்டுகளை அம்சங்கள் என்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண், தனி வாக்கியம், முடிந்தால் தனி நாள். எண் மறுபடி ஏறியிருந்தால், "திரும்பி வந்துவிட்டது" என்று முடிவு கட்டுவதற்கு முன், "இப்போது எதைப் பார்த்து 7?" என்று கேளுங்கள். அதே ஹாரன்தான், அதே 7-தான் என்றால், அதற்கு இன்னும் சில நாள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தட்டலாம்?

பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. தினமும் வேண்டும் என்றுகூட இல்லை. பழைய ஞாபகம் ஒன்றைத் தொட்ட நாளுக்கு மறுநாள் சும்மா இருப்பது நல்லது. கிரெய்க் சொல்லித்தந்த ஒரு பழக்கம் உண்டு: வாழ்க்கையில் உறுத்திய சம்பவங்களையெல்லாம் ஒரு நோட்டில் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புக் கொடுத்து, நாளுக்கு ஒன்று வீதம் மாதக்கணக்கில் தட்டிக்கொண்டு போவது. நல்ல பழக்கம்தான். ஆனால் பட்டியலின் உச்சியில் இருக்கும் பெரிய விஷயத்தில் கை வைக்காதீர்கள். எட்டாம் வகுப்பில் வாத்தியார் எல்லோர் முன்னாலும் மார்க்கைப் படித்த சம்பவம் மாதிரி, 4 அல்லது 5-ல் இருப்பதில் தொடங்குங்கள். அதோடு, ராத்திரி படுக்கப் போகும்போது புதிய விஷயத்தைத் திறக்க வேண்டாம், தூக்கம் போய்விடும். அந்த நேரத்தில் தட்டினால் "இன்று முழுக்கக் களைப்பு" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தட்டும்போது அழுகை பொத்துக்கொண்டு வருகிறது. நிறுத்தணுமா, தொடரணுமா?

இரண்டு விதம் இருக்கிறது. அழுகிறீர்கள், ஆனால் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது, மூச்சு வருகிறது, அழுது முடிந்ததும் கொஞ்சம் லேசாகிறது என்றால் சொற்களை விட்டுவிட்டு வெறுமனே தட்டிக்கொண்டே இருங்கள், தானாக அடங்கும். இன்னொரு விதம்: கை கால் நடுக்கம் ஏறிக்கொண்டே போகிறது, சம்பவம் இப்போதே நடப்பது போல இருக்கிறது, அல்லது நேர்மாறாக உடம்பு மரத்துப்போய், அறை தூரத்தில் இருப்பது போல, தன்னைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது போல ஆகிறது. இங்கே உடனே நிறுத்த வேண்டும். "தாண்டிப் போனால்தான் குணமாகும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நிறுத்தியதும் கண்ணைத் திறங்கள். காலைத் தரையில் அழுத்துங்கள். அறையில் இருக்கும் ஐந்து பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், ஃபேன், காலண்டர், செருப்பு, எதுவானாலும். முகத்தில் தண்ணீர் அடியுங்கள், வீட்டில் யாராவது இருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், என்ன சமையல் என்று பேசினாலும் போதும். அன்றைக்கு அதோடு சரி.

அடுத்த முறை தூரத்திலிருந்து வாருங்கள். தட்டுபவர்களிடம் இதற்கென்றே ஒரு வழி உண்டு: சம்பவத்துக்குள் நுழையாமல், "அதை நினைத்தால் எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கிறேன்?" என்ற ஊகத்துக்கு மட்டும் எண் போட்டு, அந்த ஊகத்தின் மேலேயே தட்டுவது. கதவைத் திறக்காமல் வாசலில் நின்று செய்கிற வேலை. சில வாரம் வாசலோடு நின்றாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. கொட்டாவிதான் வருகிறது.

கொட்டாவி, ஏப்பம், பெருமூச்சு பலருக்கு வரும், உடம்பு தளர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாற்றமும் இல்லையென்றால் நீங்கள் வைத்திருக்கும் வாக்கியத்தைப் பாருங்கள். "எனக்கு மன அழுத்தம்" என்று தட்டினால் மனசுக்குப் பிடிமானம் இல்லை. "செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் என் பெயரை விட்டுவிட்டுப் படித்தார்கள்" என்றால் உடனே எங்கேயோ சுருக்கென்கும். அப்படியும் ஒன்றும் இல்லையா, இந்த முறை உங்களுக்கு ஒத்துவராமல் இருக்கலாம். எல்லோருக்கும் எல்லாமும் ஒத்துவர வேண்டும் என்று சட்டமா என்ன? நடப்பது, எழுதுவது, ஆலோசகரிடம் பேசுவது, எத்தனையோ வழி இருக்கிறது.

"என்னை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்வது போல இருக்கிறது.

அப்படியானால் சொல்லாதீர்கள். "எனக்கு இந்தக் கோபம் இருக்கு, சரி, இருக்கட்டும்" என்று சொன்னாலே போதும். "இப்போதைக்கு என்னைத் திட்டாமல் இருக்கப் பார்க்கிறேன்" என்பதும் நல்ல வாக்கியம். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லுங்கள், மேடைத் தமிழ் வேண்டாம்.

இதோடு ஒட்டி வரும் இன்னொன்று மன்னிப்பு. இரண்டாவது வாரத்திலேயே "அவர்களை மன்னித்துவிட்டேன்" என்று தட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கோபம் 9-ல் இருக்கும்போது அதைச் சொன்னால், உள்ளே ஒருவர் "யாரைக் கேட்டுச் சொல்கிறாய்?" என்று எழுந்து நிற்பார். மன்னிப்பது உங்கள் விருப்பம், அது வந்தால் தன் நேரத்தில் வரும், வராமலே போனாலும் வலி குறைய முடியும்.

வீட்டில் தனியாக உட்கார இடமே இல்லை.

பாத்ரூம், மொட்டை மாடி, பஸ் சன்னலோரம். வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில் கைவிளிம்பையும் விரல்நுனிகளையும் மட்டும் தட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

"இன்னும் உனக்குச் சரியாகலையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பெரும்பாலும் அக்கறையில் கேட்பதுதான், ஆனால் கேட்கிற ஒவ்வொரு முறையும் மனசுக்குள் ஒரு தேதி குறிக்கப்படுகிறது. "நேற்றைக்கு இன்று கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். கெடு வைத்துக் கேட்பவர்களிடம் எண்ணையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அப்புறம் ரேஷன் கார்டு விசாரிப்பதுபோல தினமும் "இன்று எத்தனை?" என்று கேட்பார்கள். வேண்டுமானால் அந்தக் கேள்வி கேட்கும்போது வருகிற எரிச்சலையே ஒரு நாள் தட்டிப் பாருங்கள், நல்ல சரக்கு கிடைக்கும்.

சின்ன வயதில் நடந்த கொடுமை. அதை நானே தனியாகத் தட்டலாமா?

வேண்டாம். பாலியல் வன்முறை, அடி உதை, கண்முன்னே நடந்த சாவு, இதையெல்லாம் யூடியூபைப் பார்த்துக்கொண்டு தனியாகத் திறக்காதீர்கள். பயிற்சி பெற்ற மனநல நிபுணர் ஒருவர் கூட இருக்க வேண்டும். அவருக்குத் தட்டுதல் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அதிர்ச்சியைக் கையாளத் தெரிந்திருந்தால் போதும். நீங்கள் தனியாகத் தட்டுவது அன்றன்றைய படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் மட்டும் இருக்கட்டும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அது தட்டும் நேரமே இல்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம்.

தட்ட ஆரம்பித்ததும் நன்றாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. மனநல மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வருகிற தொந்தரவு தனி. குறைப்பது எப்போது, எப்படி என்பது எழுதிக்கொடுத்த மருத்துவர் முடிவு. நெஞ்சு வலி, மயக்கம் இதையும் "பதற்றம்தான்" என்று தட்டிக்கொண்டு உட்காராதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பணம் கட்டி ஒரு பயிற்சியாளரிடம் போகலாம் என்றிருக்கிறேன். எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் பேச்சிலேயே "மூன்று அமர்வில் முடித்துத் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் யோசியுங்கள். நல்லவர் உங்களிடம் கேள்வி கேட்பார்: மருந்து எடுக்கிறீர்களா, தூக்கம் எப்படி, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள். "இப்போது வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் அதே நொடியில் நிறுத்துவார். சில பயிற்சியாளர்கள் ஆள் அழுதால்தான் தங்கள் திறமை என்று நினைப்பார்கள், குழுவில் எல்லோர் முன்னாலும் ஒருவரை அழவைத்து வீடியோ எடுப்பதும் நடக்கிறது. என்னைக் கேட்டால் அது சிகிச்சையே இல்லை, காட்சி.

ஒரு விஷயம் முடிந்தது என்று எப்படித் தெரியும்?

சோதித்துப் பாருங்கள். அதே சம்பவத்தை மெதுவாக, பெரிதாக, சத்தத்தோடு மனசில் ஓட்டுங்கள். எங்கேயும் உடம்பு இறுகவில்லை என்றால் நிஜத்தில் ஒரு சின்ன அடி. ஸ்கூட்டிப் பெண்ணுக்கு அது பைபாஸ் ரோடு இல்லை, வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போவது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவுக்குள் ஒரு சுற்று. அங்கே எண் ஏறினால் அது தோல்வி இல்லை, இன்னொரு துண்டு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாயிற்று. சம்பவம் மறந்துபோகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஞாபகம் இருக்கும், சொல்லும்போது குரல் உடையாது, சில சமயம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பீர்கள்.

நடுவில் ஒரு மாதம் விட்டுவிட்டேன். முதலிலிருந்து தொடங்கணுமா?

வேண்டாம். பழைய நோட்டை எடுத்து, எழுதியவற்றுக்கு இன்றைய எண்ணை மறுபடி போடுங்கள். சிலது தானாகவே இறங்கியிருக்கும், அடித்துவிடலாம். விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்துத் தட்ட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. 4-லோ 5-லோ இருக்கிற ஒன்றைப் பார்த்து, இன்று மூன்று சுற்று.